மாதம் 1 என்றால் எந்த மாதம்? குழந்தைகள் மனநல ஆய்வுக்கு அரசு நிதி கேட்பவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரே வாரத்தில் ஆய்வு நிதி கேட்டு எழுதிய மூன்று புரொபோசல்கள் என் மேசைக்கு வந்தன. எழுதியவர்கள் மூவரும் எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்துக் கல்லூரிகளில் வேலை பார்க்கும் இளம் ஆசிரியர்கள். ஒருவர் உளவியல், ஒருவர் சமூகப்பணி, இன்னொருவர் நர்சிங். மூன்றுமே பள்ளிக் குழந்தைகளின் மனநலம் பற்றியவை. ஒன்று ஐ.சி.எம்.ஆருக்கு (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) போகிறது, மற்ற இரண்டும் ஐ.சி.எஸ்.எஸ்.ஆருக்கு (இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம்). "சும்மா ஒரு தடவை பார்த்துக் கொடுங்க மேடம்" என்றார்கள். சும்மா பார்க்க முடியவில்லை. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நான் செய்த தவறுகள் வரிசை மாறாமல் அதில் உட்கார்ந்திருந்தன.

கடைசித் தேதி, பக்க வரம்பு, எழுத்துப்பிழை பற்றியெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அறிவிப்பை ஒரு தடவை நிதானமாகப் படித்தாலே அவை தெரிந்துவிடும்.

ஆயிரம் ஜன்னல் வீட்டில் தொடங்குவது

மூன்றில் ஒன்றின் முதல் இரண்டு பக்கம் முழுக்க நகரத்தார் வரலாறு. பர்மா வணிகம், ஆத்தங்குடிக் கற்கள், ஆயிரம் ஜன்னல் வீடு எல்லாம் வந்தன. குழந்தைகள் மூன்றாம் பக்கத்தில்தான் எட்டிப் பார்த்தார்கள். நான் இந்த ஊர்க்காரி என்பதால் ரசித்துப் படித்தேன். டெல்லியில் ஒரு கட்டுக் கோப்புகளோடு உட்கார்ந்திருக்கும் மதிப்பீட்டாளருக்கு அந்த ரசனை இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

செட்டிநாட்டில் ஏன் இந்த ஆய்வு என்பதற்கு வேறு காரணம் இருக்கிறது. அப்பா சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்க, அப்பத்தாவின் கையில் வளரும் பிள்ளைகள் இங்கே நிறைய. அது உங்கள் கேள்வியோடு தொடர்புடையது என்றால் ஒரு பத்தி எழுதுங்கள். தொடர்பில்லை என்றால் அதுவும் வேண்டாம். தேசிய மனநல ஆய்வு (2015-16) 13 முதல் 17 வயதினரில் 7.3 சதவீதம் பேருக்கு மனநலக் கோளாறு இருப்பதாகச் சொன்னது. இந்த எண்ணில் தொடங்காத புரொபோசலை நான் பார்த்ததே இல்லை, என்னுடையது உட்பட. பிரச்சினை இருக்கிறது என்று மதிப்பீட்டாளருக்கும் தெரியும். இன்னும் எது தெரியாமல் இருக்கிறது என்பதைத்தான் நீங்கள் சொல்ல வேண்டும்.

செட்டிநாடு ஒரு மாவட்டம் அல்ல

"ஆய்வுக் களம்: செட்டிநாடு" என்று எழுதினால் பள்ளிகளின் பட்டியலை எங்கிருந்து எடுப்பீர்கள்? சாக்கோட்டை, கல்லல், தேவகோட்டை, திருப்பத்தூர் ஒன்றியங்கள் சிவகங்கை மாவட்டத்தில் இருக்கின்றன. திருமயம், அரிமளம் பக்கம் போனால் புதுக்கோட்டை மாவட்டம். அப்படியானால் இரண்டு சி.இ.ஓ. (முதன்மைக் கல்வி அலுவலர்) ஆபீஸ், இரண்டு மனு, இரண்டு அனுமதி. ஒன்றியங்களின் பெயரை எழுதுங்கள். பள்ளிகளை, ஒவ்வொன்றுக்கும் அரசு தந்திருக்கும் யூ-டைஸ் எண்ணோடு பட்டியலிட்டு, அதிலிருந்து குலுக்கிப் பொறுக்குங்கள். தெரிந்த ஹெச்.எம். இருக்கும் பள்ளிகளாகப் பார்த்து எடுத்துவிட்டு "சீரற்ற தெரிவு" என்று எழுதாதீர்கள்.

மாதம் 1

இதைப் பற்றிப் பேசினால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. பெரும்பகுதி என் மேல்தான்.

எனக்கு முதலில் கிடைத்தது இரண்டு வருடத் திட்டம். அட்டவணையை அழகாகக் கட்டம் போட்டு எழுதியிருந்தேன். மாதம் 1 பணியாளர் நியமனம், மாதம் 2 பள்ளி அனுமதி, மாதம் 3 முதல் அளவீடு, அதன்பின் ஆறு மாதம் வாழ்க்கைத்திறன் வகுப்புகள், மாதம் 10 இரண்டாம் அளவீடு, மாதம் 18 கடைசி அளவீடு. இதை எழுதும்போது என் மனசில் மாதம் 1 என்பது ஜூன். எங்கும் அப்படி எழுதவில்லை, ஆனால் ஜூன்தான்.

ஒப்புதல் ஆணை பொங்கல் கழித்து வந்தது. பணம் பிப்ரவரியில் வந்தது. அட்டவணையில் இருந்தபடியே இரண்டு பேரை வேலைக்கு எடுத்தேன். மார்ச்சில் பள்ளிகளுக்குப் போனால் பொதுத்தேர்வு. தேவகோட்டைப் பக்கம் ஒரு ஹெச்.எம். அம்மா கேட்டார்: "பரீட்சை ஹாலுக்குள்ள உங்களுக்கு ஒரு பெஞ்சு போடச் சொல்லட்டுமா?" ஏப்ரலில் ஆண்டுத் தேர்வு, மே விடுமுறை. ஜூனில் சேர்க்கை, டி.சி., பாடப்புத்தகம் என்று பள்ளியே சந்தைக்கடையாக இருந்தது. கையிலிருந்த அனுமதிக் கடிதம் போன கல்வியாண்டுக்கானது என்பதால் மறுபடி மனு. முதல் குழந்தையிடம் முதல் கேள்வியைக் கேட்டபோது ஜூலை மூன்றாம் வாரம். அதுவரை இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஐந்து மாதச் சம்பளம் கொடுத்திருந்தேன். பயிற்சி கொடுத்து வைத்திருந்த பெண் ஜூனிலேயே வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது.

பணத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. அட்டவணை நகர்ந்து நகர்ந்து இரண்டாம் அளவீடு அடுத்த பிப்ரவரியில் போய் விழுந்தது. எட்டாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் எடுத்திருந்தேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது ரிவிஷன் டெஸ்ட் காலம். தூக்கமின்மை, தலைவலி, பயம் எல்லாம் எங்கள் வகுப்புகள் நடந்த குழு, நடக்காத ஒப்பீட்டுக் குழு இரண்டிலும் ஏறியிருந்தன. ஒப்பீட்டுக் குழு இருக்கிறதே, கழித்துவிடலாமே என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு பள்ளியில் நாங்கள் போன அன்று கணக்கு டெஸ்ட். இன்னொரு பள்ளியில் எல்லா டெஸ்ட்டும் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அந்த வித்தியாசத்தை எந்தக் கணக்கிலும் கழிக்க முடியவில்லை.

கடைசி அளவீடு அதைவிட மோசம். நடுநிலைப்பள்ளி எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும் என்பது இங்கே ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். முனைவர் பட்டம் வாங்கிய எனக்கு அட்டவணை எழுதும்போது அது தோன்றவில்லை. ஜூனில் எல்லோரும் டி.சி. வாங்கிக்கொண்டு வெவ்வேறு பள்ளிகளுக்குப் போய்விட்டார்கள். பத்தாவது முடித்தவர்கள் பதினொன்றாம் வகுப்பு, ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் என்று சிதறிவிட்டார்கள். எட்டாம் வகுப்பில் சேர்த்த 212 பேரில் 131 பேரைத்தான் பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கித் தேடிப் பிடித்தோம். கிடைக்காத 81 பேரில் படிப்பை விட்டவர்கள் எத்தனை பேர், வேலைக்குப் போனவர்கள் எத்தனை பேர்? முதல் அளவீட்டில் எங்களைக் கவலைப்பட வைத்த பிள்ளைகள் பலர் அந்தப் பட்டியலில்தான் இருந்தார்கள். மிச்சமிருந்தவர்களை வைத்து "முன்னேற்றம் தெரிகிறது" என்று எழுத என் கை வரவில்லை.

இன்னொரு அடி யூ.சி.யில், அதாவது பணத்தை எப்படிச் செலவழித்தோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழில், விழுந்தது. பிப்ரவரியில் வந்த பணத்தில் மார்ச் 31-க்குள் என்ன செலவாகும்? அந்தச் சான்றிதழ் முக்கால்வாசி மிச்சம் காட்டியது. முதல் தவணைக்குக் கணக்கு ஒப்படைக்காமல் அடுத்த தவணை வராது, வந்தபோது வகுப்புகள் பாதியில் நின்றிருந்தன.

அந்த மூன்று புரொபோசல்களிலும் இதே "மாதம் 1" இருந்தது. ஒன்றில் "மாதம் 11: இறுதி அளவீடு" என்று இருந்ததை ஜூனிலிருந்து எண்ணினால் ஏப்ரல் வருகிறது. ஆண்டுத் தேர்வுக்கு நடுவில்.

இப்போது நான் செய்வது இது. புரொபோசலில் ஒரு வார்த்தை எழுதுவதற்கு முன் ஒரு பள்ளியின் நாட்காட்டியை வாங்கிக்கொள்கிறேன். செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, ஜனவரியிலிருந்து பொதுத்தேர்வு ஜுரம் என்று அடித்துக்கொண்டே வந்தால் மிஞ்சுவது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை, அப்புறம் அக்டோபரிலிருந்து நவம்பர் வரை கொஞ்சம். அதிலும் தீபாவளி, மழை விடுமுறை. தை மாதத்தை நம்பவே வேண்டாம். குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடைப்பயணம், சிராவயல் மஞ்சுவிரட்டு என்று வகுப்பில் பாதி பெஞ்சு காலியாக இருக்கும். ஆக வருஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வாரம்தான் நமக்கு.

அந்த வாரங்களைச் சுற்றித்தான் அட்டவணை. பணம் ஜூனில் வந்தால் ஒன்று, ஜனவரியில் வந்தால் இன்னொன்று என்று இரண்டு பத்தியாகப் போடுகிறேன். பணியாளர் நியமனத்தை மாதத்தோடு கட்டாமல் "பள்ளி அனுமதி கிடைத்தபின்" என்று எழுதுகிறேன். ஜூலையில் அளந்தால் மறுபடி ஜூலையில் அளக்கிறேன். ஆறாம் வகுப்பு, அல்லது மேல்நிலைப்பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு எடுக்கிறேன், அடுத்த வருஷமும் பிள்ளைகள் அதே கட்டடத்தில் இருப்பார்கள். இப்படி எழுதினால் மதிப்பீட்டாளர் குழம்பிவிடுவார் என்று ஒரு தம்பி பயந்தார். குழம்ப மாட்டார். அவரும் ஒரு காலத்தில் பூட்டிய பள்ளிக்கூட வாசலில் நின்றிருப்பார்.

400 குழந்தைகள் என்பது 400 அல்ல

ஒரே வகுப்பில் இருக்கும் நாற்பது பிள்ளைகளுக்கு ஒரே ஆசிரியர், ஒரே மின்விசிறி, ஒரே பயம். அவர்களின் விடைகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். அந்த ஒப்புமை வெறும் 0.05 என்று வைத்துக்கொண்டாலும், பிள்ளைகளை வகுப்பு வகுப்பாக எடுப்பதற்கான கிளஸ்டர் கணக்குப்படி 1 + (39 × 0.05), அதாவது 2.95 (39 என்பது நாற்பதில் ஒன்று குறைவு). 400-ஐ அதால் வகுத்தால், உங்கள் 400 பேர் ஏறக்குறைய 136 பேருக்குச் சமம். மாதிரி அளவைத் தனி ஆட்களுக்கான சூத்திரத்தில் போட்டுவிட்டு பள்ளி பள்ளியாகப் பிரிப்பவர்களை மதிப்பீட்டாளர் முதல் வாசிப்பிலேயே பிடித்துவிடுவார். பள்ளிகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். ஒரே பள்ளியில் பிள்ளைகளைக் கூட்டி அதிகப் பயனில்லை.

சொந்தமாக மொழிபெயர்த்த அளவுகோல்

என் முதல் ஆய்வில் ஓர் ஆங்கில வினாத்தாளை நானே ஒரு ராத்திரியில் தமிழாக்கினேன். "உனக்கு அடிக்கடி பதற்றம் ஏற்படுகிறதா?" என்று ஒரு கேள்வி. கல்லல் பக்கத்துப் பையன் ஒருவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பதற்றம்னா எலெக்‌ஷன்ல போலீஸ் வந்து நிக்குமே, அதானே டீச்சர்? எங்க ஊர்ல இல்ல" என்றான். "படபடன்னு வருதா" என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்.

பிள்ளைகளின் மனநலத்தை அளக்கும் எஸ்.டி.க்யூ. போன்ற 25 கேள்விப் பட்டியலுக்குத் தமிழ் வடிவம் ஏற்கெனவே இருக்கிறது. உரிமையாளரைக் கேட்காமல் அதில் சொல்லை மாற்றக் கூடாது, கைப்பேசிச் செயலியில் ஏற்றவும் கூடாது. தமிழ் வடிவம் இல்லாத அளவுகோலாக இருந்தால் மொழிபெயர்ப்பு, மறுமொழிபெயர்ப்பு, பத்துப் பிள்ளைகளிடம் வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்பது என எல்லாவற்றுக்கும் நேரமும் பணமும் பட்ஜெட்டில் இருக்க வேண்டும்.

அப்பத்தாவின் கைநாட்டு

குழந்தையை வளர்ப்பவர் அப்பத்தாவாக இருக்கலாம். சட்டப்படியான பாதுகாவலர் என்று ஆகாதவரை ஒப்புதல் படிவத்தில் அவர் கைநாட்டு போதாது. ஆபத்து மிகக் குறைவான ஆய்வுக்குப் பெற்றோரில் ஒருவர் ஒப்புக்கொண்டால் பொதுவாகப் போதும் என்கின்றன ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறைகள். ஆகவே அம்மாவைப் பாருங்கள். அம்மாவும் வெளியூர் என்றால் எப்படி வாங்குவீர்கள் என்பதை முன்கூட்டியே நெறிமுறைக் குழுவிடம் எழுதிக் கொடுங்கள். பிள்ளையின் சம்மதம் தனி. 7 முதல் 12 வயது வரை வாய்மொழியாக, அதற்கு மேல் 18 வரை எழுத்தில்.

"யாரிடமும் சொல்ல மாட்டோம்"

இந்த வரியைப் படிவத்திலிருந்து உடனே அடியுங்கள். ஒரு குழந்தை தனக்கு நடந்த பாலியல் கொடுமையைச் சொன்னால் போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி நீங்கள் தெரிவித்தே ஆக வேண்டும். வாக்குக் கொடுத்துவிட்டு மீறினால் அந்தப் பிள்ளை இனி எந்தப் பெரியவரையும் நம்பாது. எதை ரகசியமாக வைப்போம், எதை வைக்க முடியாது என்பதைப் பிள்ளைக்குப் புரியும் தமிழில் முதலிலேயே சொல்லுங்கள்.

"சாகணும்போல இருக்கு" என்று ஒரு பிள்ளை குறித்திருந்தால் அன்றைக்கே யார் பேசுவார், எங்கே அனுப்புவீர்கள்? அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி-மனஸ் எண் 14416 என்று அச்சடித்துக் கொடுப்பது நல்லதுதான், ஆனால் அது மட்டும் போதாது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரைப் புரொபோசல் எழுதும் முன்பே நேரில் பார்த்துச் சம்மதக் கடிதம் வாங்குங்கள். வினாத்தாள்களை வீட்டுக்கு எடுத்துப் போய் ஞாயிற்றுக்கிழமை திருத்தலாம் என்ற பழக்கம் இந்த ஆய்வில் ஆகாது.

சி.டி.ஆர்.ஐ. பதிவு

தலையீட்டு ஆய்வு, அதாவது வகுப்போ பயிற்சியோ கொடுத்துப் பலனைப் பார்க்கும் ஆய்வு என்றால், சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிய வேண்டும், முதல் குழந்தையைச் சேர்ப்பதற்கு முன். பின் அல்ல.

"ஆயிரம் பேருக்குக் கவுன்சலிங் தருவோம்"

தாருங்கள். அதற்கு வேறு நிதி இருக்கிறது, இது ஆய்வுக்கான நிதி.

வட்டி

திட்டக் கணக்கில் சேரும் வங்கி வட்டி அரசின் தொகுப்பு நிதிக்குத் திரும்பிப் போக வேண்டும். கல்லூரி ஆண்டு விழாப் பந்தலுக்கு அல்ல. இதை உங்கள் கணக்காளரிடம் முதல் நாளே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.