கவுனி அரிசி வேகவில்லையா? சர்க்கரைக்கு அவசரப்படாதீர்கள்

கவுனி இனிப்பு செய்ய, 1 கப் கவுனி அரிசியை (கருப்பரிசி) கழுவி, 3 கப் தண்ணீரில் இரவே ஊறப்போடுங்கள். 8 மணி நேரமாவது ஊறட்டும். சாயம் இறங்கிய அதே தண்ணீரோடு குக்கரில் வைத்து, முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 20 நிமிடம் விடுங்கள். ஆவி தானாக அடங்க வேண்டும், கரண்டியால் விசிலைத் தூக்கக் கூடாது. ஒரு மணியை விரலால் நசுக்கிப் பாருங்கள்: நடுவில் வெள்ளைக் குருணை தட்டுப்படாவிட்டால்தான் முக்கால் கப் சர்க்கரை, பிறகு தேங்காய்ப்பூ, நெய், ஏலக்காய்.

தவிடு நீக்காத அரிசி என்பதால் தண்ணீர் உள்ளே போக நேரமாகும். ஊறினால் கேஸ் மிச்சம். சர்க்கரை முந்திக்கொண்டால் தண்ணீரைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும், அரிசி விறைத்துவிடும். அப்புறம் எத்தனை விசில் விட்டாலும் பழைய பதம் வராது. கவுனி சொதப்புவது இந்த இடத்தில்தான்.

உடைத்த கவுனிக்கு இவ்வளவு ஊறல் வேண்டாம், 1 மணி நேரம் போதும். சித்திரை வெயிலில் வெளியே வைத்தால் ஊறல் தண்ணீர் புளித்துவிடும், ஃபிரிட்ஜில் வையுங்கள்.