கோமாளி மீனுக்கு எவ்வளவு தீனி?

120 லிட்டர் உப்புத்தண்ணீர்த் தொட்டி. இரண்டு கோமாளி மீன், ஒரு கோபி மீன். கிட்டப் போனாலே கோமாளிகள் கண்ணாடியில் முட்டிக்கொண்டு ஆடும். பாவம், பசி என்று நாளுக்கு நான்கு தடவை போட்டேன். மணல் பழுப்பேறியது, பாறையெல்லாம் பாசி. மிச்சத் தீனியும் மீன் கழிவும் அழுகிச் சேரும் நைட்ரேட் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு).

இப்போது நாளுக்கு மைசிஸ் என்ற உறைந்த குட்டி இறாலில் அரைக் கட்டிதான். டம்ளரில் கரையவிட்டு, வடிகட்டியில் அலசி, கலங்கல் தண்ணீரைக் கொட்டிவிடுவேன். அப்புறம் பம்பை நிறுத்தி, சொட்டுக்குழாயால் கொஞ்சம் கொஞ்சமாக விடுவேன். ஒரு துணுக்கு தின்னாமல் மணலில் விழுந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். அடியில் கிடக்கும் கோபிக்கு மட்டும் தனியாக ஒரு சொட்டு. (பம்பைத் திரும்பப் போட மறந்தது தனிக் கதை.)

வாரம் 20 லிட்டர் தண்ணீரும் மாற்றினேன். மூன்று மாதத்தில் நைட்ரேட் 15. கோமாளிகள் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கின்றன.