மூலிகைக் களிம்பு: ஈரம் பட்டால் வீண்

சிராய்ப்பு, தோல் வெடிப்புக்குப் போடும் களிம்பு கெட்டுப்போவது பெரும்பாலும் ஈரத்தால்தான். காலெண்டுலா (செவ்வந்தி வகையைச் சேர்ந்த மூலிகைப் பூ) இதழைக் கையில் நொறுங்கும் அளவுக்கு நிழலில் உலர்த்துங்கள். பச்சையாகப் போட்டால் பூஞ்சை பிடிக்கும். 25 கிராம் இதழை 250 மில்லி ஆலிவ் எண்ணெயில் மூழ்கவிட்டு, வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து மெல்லிய சூட்டில் 2-3 மணி நேரம் விடுங்கள். இதழ் பொரிய ஆரம்பித்தால் சூடு அதிகம். வடிகட்டி, 100 மில்லி எண்ணெய்க்கு 20 கிராம் தேன்மெழுகு சேர்த்து உருக்குங்கள். டப்பாவில் ஊற்றுமுன் குளிர்ந்த கரண்டியில் ஒரு சொட்டு விட்டு, ஆறியதும் தேய்த்துப் பாருங்கள். கட்டியாக இருந்தால் எண்ணெய், ரொம்ப இளகினால் மெழுகு கொஞ்சம் கூட்டலாம். டப்பா துளி ஈரமின்றி இருக்கட்டும்.

ஆழமான காயம், சீழ், புதுத் தீக்காயத்தில் தடவவே வேண்டாம்; எண்ணெய்ப் பூச்சு சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். செவ்வந்தி வகைப் பூக்கள் ஒவ்வாதவர்களுக்கு இதுவும் அரிக்கலாம்.