பத்தி புரிந்ததா என்று கண்டுபிடித்த விதம்

டியூஷனுக்கு வரும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஆங்கிலப் பத்தி வினாக்களில் நல்ல மதிப்பெண் எடுப்பார்கள். படித்ததைச் சொல்லச் சொன்னால் விழிப்பார்கள். கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடி, அந்த வரியை அப்படியே எழுதிவிடுவதுதான் காரணம்.

வில்சன் டெய்லர் என்ற ஆய்வாளர் 1953-இல் முன்வைத்த, விடுபட்ட சொற்களை நிரப்பும் குளோஸ் முறைக்கு மாறினேன். முதல் வாக்கியத்தைத் தொடாமல், பிறகு ஒவ்வொரு ஏழாவது சொல்லையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு கோடு. பொருந்தும் எந்தச் சொல்லுக்கும் மதிப்பெண் உண்டு.

'பட்', 'பிகாஸ்' வரவேண்டிய இடங்களில்தான் பலர் தடுமாறினார்கள். பாவம், சொல் தெரியும். வாக்கியங்களுக்கு இடையிலான தொடர்பு பிடிபடவில்லை. அவர்களுக்கு வாக்கியங்களைக் கலைத்துப்போட்டு வரிசையாக அடுக்கும் பயிற்சி கொடுத்தேன்.

சிலருக்குச் சொல்வளமே குறைவு. நூற்றுக்கு 98 சொல்லாவது தெரிந்த எளிய கதைகளாகப் பார்த்துக் கொடுத்தேன். இப்போது கேள்வித்தாள் இல்லாமலே கதை சொல்கிறார்கள்.