குரோன் மருந்து ஆய்வில் சேர அழைத்தால்: டைரி, மலக் குப்பி, கையெழுத்து

குடலில் நீடித்த அழற்சியையும் புண்ணையும் உண்டாக்கும் குரோன் நோய்க்கான மருந்து ஆய்வில் சேரச் சொல்லி இருபது முப்பது பக்கத் தாளைக் கையில் கொடுத்தால், முதலில் புரட்ட வேண்டியது 'எண்ட்பாயிண்ட்' என்று போட்டிருக்கும் பகுதியை. உங்களுக்குக் குணமாகிவிட்டதா இல்லையா என்பதை எதை வைத்து முடிவு செய்யப் போகிறார்கள் என்று அங்கேதான் இருக்கும். இன்றைய ஆய்வுகளில் பெரும்பாலும் இரண்டு அளவுகோல்கள் உண்டு. ஒன்று நீங்கள் டைரியில் எழுதுவது, மற்றொன்று கொலோனோஸ்கோப்பியில், அதாவது குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பதில், தெரிவது. இரண்டும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. 2010-ல் வெளியான சோனிக் என்ற குரோன் மருந்து ஆய்வின் தரவைப் பின்னர் அலசிப் பார்த்தபோது, அறிகுறிகள் அடங்கியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் குடலிலோ ரத்தப் பரிசோதனையிலோ அழற்சி மிச்சம் இருந்தது. டைரியை மட்டும் வைத்து நடக்கும் ஆய்வு என்றால் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஏழு நாள் டைரி

டைரியை வைத்துக் குரோன் நோயின் தீவிரத்தை அளக்கும் சி.டி.ஏ.ஐ என்ற மதிப்பெண் முறை 1976-ல் வந்தது. பழையது, குறைகள் நிறைய, ஆனாலும் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. 150-க்குக் கீழ் என்றால் நோய் அடங்கியிருக்கிறது. 220 முதல் 450 வரை மிதமானது முதல் தீவிரமானது வரை. ஆய்வுகளில் பெரும்பாலும் இந்த வரம்புக்குள் இருப்பவர்களையே சேர்க்கிறார்கள். கணக்கு இப்படி:

- ஏழு நாளில் மலம் தண்ணீராகவோ மிக இளகியோ போன தடவைகளின் கூட்டுத்தொகை × 2
- வயிற்றுவலி, நாளுக்கு 0 முதல் 3 வரை. ஏழு நாள் கூட்டுத்தொகை × 5
- பொதுவான உடல்நிலை, நாளுக்கு 0 (நன்றாக) முதல் 4 (படுமோசம்) வரை. கூட்டுத்தொகை × 7
- மூட்டுவலி, கண் அழற்சி, தோல் அல்லது வாய்ப்புண், ஆசனவாய் வெடிப்பு அல்லது பௌத்திரம், வேறு ஃபிஸ்டுலா (குடலிலிருந்து உண்டாகும் புரைவழி), 100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல்: ஒவ்வொரு வகைக்கும் 20
- பேதியை நிறுத்த லோப்பரமைடு போன்ற மாத்திரை எடுத்திருந்தால் 30
- வயிற்றில் கட்டி: சந்தேகம் என்றால் 20, உறுதி என்றால் 50
- ஹிமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்): ஆணுக்கு 47, பெண்ணுக்கு 42, அதிலிருந்து எவ்வளவு குறைகிறதோ அது × 6
- இருக்க வேண்டிய எடையைவிட எத்தனை சதவீதம் குறைவோ அத்தனை மதிப்பெண்

ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். தினம் 5 தடவை இளக்கமாகப் போகிறது: 35 × 2 = 70. வலி நான்கு நாள் 2, மூன்று நாள் 1: மொத்தம் 11, அதாவது 55. உடல்நிலை ஐந்து நாள் 1, இரண்டு நாள் 2: மொத்தம் 9, அதாவது 63. மூட்டுவலிக்கு 20. ஹிமட்டோக்ரிட் 36 என்பதால் 6 × 6 = 36. இருக்க வேண்டிய எடை 50 கிலோ, இருப்பது 46: 8 மதிப்பெண். மொத்தம் 252.

இந்த 252-ல் 118, வலிக்கும் 'எப்படி இருக்கிறீர்கள்' என்ற கேள்விக்கும் வந்தது. இரண்டுமே அவர் மனதில் பட்டதைப் போட்ட எண்கள். தினம் இரண்டிலும் ஒரு படி கூட்டிப் போட்டால் வாரக் கடைசியில் 84 மதிப்பெண் ஏறிவிடும். ஹிமட்டோக்ரிட்டைப் பாருங்கள்: குடலில் ஒரு மாற்றமும் இல்லாமல், மாதவிடாய் ரத்தப்போக்கால் அது 31 ஆகியிருந்தால் அந்த 36 என்பது 66 ஆகும். இரும்புச் சத்துக் குறைவு சாதாரணமாக இருக்கும் நம் ஊர்ப் பெண்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஆய்வு தொடங்கும் முன்பே ரத்தசோகையின் காரணத்தைப் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

டைரி கெட்டுப்போவது பெரும்பாலும் கடைசி இரவில்தான். ஏழு நாளையும் ஒரே மூச்சில் நினைவிலிருந்து நிரப்பினால் எல்லா நாளும் ஒரே எண்ணாக வரும். ஆய்வு ஒருங்கிணைப்பாளர் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடுவார். தினமும் தூங்கப்போகும் முன் எழுதுங்கள். நள்ளிரவு 12 மணிக்குப் பிறகு எழுந்து போனது அடுத்த நாள் கணக்கு. கெட்டியாகப் போனதை எண்ண வேண்டாம். கூழாகவோ தண்ணீராகவோ போனது மட்டும்தான் கணக்கு. கழிப்பறைக்குப் போய் சளியோ ரத்தமோ மட்டும் வந்தால் எண்ணுவதா என்பதை முதல் நாளே கேட்டு, டைரியின் மேல் ஓரத்தில் குறித்துவைத்து, கடைசிவரை அதே மாதிரி எழுதுங்கள். கொலோனோஸ்கோப்பிக்காகக் குடலைக் கழுவும் நாட்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. எந்தெந்த நாளை விடுவது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

'நுழைய எத்தனை மதிப்பெண் வேண்டும்?' என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல ஒருங்கிணைப்பாளர் சொல்லமாட்டார். ஆய்வில் இடம் கிடைக்க வேண்டுமே என்று கூட்டி எழுதியவரின் எண், சேர்ந்த பிறகு தானாகவே இறங்கும். அவர் பிளாசிபோ பிரிவில் இருந்தால், மருந்தே இல்லாத மாத்திரை வேலை செய்தது போலத் தெரியும். குரோன் ஆய்வுகளின் தொடக்கக் கட்டத்தில் பிளாசிபோ எடுத்தவர்களிலேயே சுமார் 18 சதவீதம் பேர் 'நோய் அடங்கியது' என்ற கணக்கில் வருகிறார்கள். அந்த எண் ஏற ஏற, உண்மையிலேயே நல்ல மருந்துகூட ஒன்றுக்கும் உதவாததாகத் தெரியும்.

மலக் குப்பியும் கொலோனோஸ்கோப்பியும்

கால்புரோடெக்டின் என்பது குடலில் அழற்சி இருந்தால் வெள்ளணுக்களிலிருந்து மலத்தில் இறங்கும் புரதம். ஒரு கிராமுக்கு 250 மைக்ரோகிராமைத் தாண்டினால் அழற்சி இருக்கிறது என்று பல ஆய்வுகள் எடுத்துக்கொள்கின்றன. 2017-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த காம் (CALM) ஆய்வில் 244 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில் அறிகுறியைப் பார்த்து மட்டும் மருந்தைக் கூட்டினார்கள். மற்றதில் கால்புரோடெக்டினும் ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி.யும் கூடினாலும் மருந்தைக் கூட்டினார்கள். 48-வது வாரத்தில் குடற்புண் ஆறியிருந்தது முதல் பிரிவில் 30 சதவீதம், இரண்டாவதில் 46 சதவீதம். அதனால் மாதிரியை ஏனோதானோ என்று எடுக்காதீர்கள்.

காலையில் முதலில் போவதை எடுங்கள். கழிப்பறைத் தண்ணீரும் சிறுநீரும் படாமல், காகிதத் தட்டிலோ பிளாஸ்டிக் உறையிலோ பிடித்து, இரண்டு மூன்று இடத்திலிருந்து கரண்டியால் அள்ளுங்கள். ஒரே நாளில் கொலோனோஸ்கோப்பியும் இருந்தால் பேதி மருந்து குடிக்கும் முன்பே எடுத்துவிட வேண்டும். கழுவிய பிறகு வரும் தண்ணீரில் எண்ணுக்கு அர்த்தம் இல்லை. அன்றே கொடுக்க முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் வையுங்கள், நம் வெயிலில் மேசைமேல் விடாதீர்கள். மூட்டுவலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போட்டிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்: அவை கால்புரோடெக்டினை ஏற்றும், நோயையே கிளறவும் செய்யும். வலிக்குப் பாராசிட்டமால் போதும். நோய் சிறுகுடலில் மட்டும் இருப்பவர்களுக்கு இந்த எண் குறைவாகவே காட்டலாம்.

கொலோனோஸ்கோப்பியில் சிறுகுடலின் கடைப்பகுதி, வலது பெருங்குடல், குறுக்குப் பகுதி, இடது பகுதி, மலக்குடல் என ஐந்து இடங்களில் புண்ணின் அளவு, பரப்பு, பாதித்த பரப்பு, குடல் குறுகிய சுருக்கம் நான்குக்கும் மதிப்பெண் போடுவார்கள். எங்கோ உட்கார்ந்து வீடியோவைப் பார்க்கும் இன்னொரு நிபுணரும், நீங்கள் எந்த வாரத்தில், எந்த மருந்தில் இருக்கிறீர்கள் என்று தெரியாமலே மதிப்பெண் போடுவார். குடல் சரியாகச் சுத்தமாகவில்லை என்றால் அந்த வீடியோ வீண். திரும்பச் செய்ய வேண்டிவரும். இரும்பு மாத்திரையை ஐந்து முதல் ஏழு நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், அது மலத்தைக் கறுப்பாக ஒட்டவைக்கும். சுருக்கம் இருப்பது தெரிந்தவர், சாப்பிட்டதும் வயிறு முறுக்கி வாந்தி வருபவர், பேதி மருந்தைக் குடிக்கும் முன் டாக்டரிடம் சொல்லாமல் இருக்கக் கூடாது, அடைப்பு வந்துவிடும்.

டிபி சோதனையில் அவசரம் வேண்டாம்

குடல் டிபி குரோன் மாதிரியே இருக்கும். புண், சுருக்கம், காய்ச்சல், எடை குறைவு எல்லாம் ஒன்றுதான். டிபியைக் குரோன் என்று நினைத்து, நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் போன்ற மருந்தைக் கொடுத்தால் டிபி உடல் முழுக்கப் பரவும். பழைய பயாப்ஸி ஸ்லைடு, திசுவைப் பதித்துவைத்த மெழுகுக் கட்டி, முன்பு டிபி மருந்து எடுத்த சீட்டு எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். டிபி மருந்தில் 'கொஞ்சம் பரவாயில்லை' என்று இருந்ததை ஆதாரமாகக் கொள்ளக் கூடாது. புண் ஆறியதா என்று கொலோனோஸ்கோப்பியில் பார்த்திருக்கிறார்களா என்பதே கேள்வி.

உடலில் உறங்கும் டிபிக்கு மார்பு எக்ஸ்ரேயும் இக்ரா ரத்தப் பரிசோதனையும் எடுப்பார்கள். ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருந்தால் இக்ரா 'முடிவு தெரியவில்லை' என்று வரலாம், பொய்யாக நெகட்டிவ் என்றும் வரலாம். பாசிட்டிவ் என்றால் தினம் 300 மில்லிகிராம் ஐசோநயசிட், கூடவே பி6 வைட்டமின். ஆய்வு மருந்து பெரும்பாலும் ஒரு மாதம் கழித்துத்தான் தொடங்கும்.

கையெழுத்துக்கு முன்

இந்தியாவில் நடக்கும் மருந்து ஆய்வு சி.டி.ஆர்.ஐ என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இருக்க வேண்டும். 2009 ஜூன் 15 முதல் இது கட்டாயம். எண்ணைக் கேட்டு வாங்கித் தளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். ஒரு பிரதி உங்கள் கையில் இருக்க வேண்டும். ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் 2019 விதிகளில் உண்டு. நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண்ணும் படிவத்தில் இருக்கும். இலங்கையில் பார்க்க வேண்டியது இலங்கை மருத்துவ ஆய்வுப் பதிவேடு.

பிளாசிபோ எத்தனை வாரம், நோய் முற்றினால் எந்த நாளில் வேறு மருந்துக்கு மாற்றுவார்கள் என்பதை எழுத்தில் பாருங்கள். 2024-ல் வெளியான ப்ரொஃபைல் ஆய்வில், நோய் கண்டறிந்ததுமே இன்ஃப்ளிக்ஸிமாப் கூட்டு சிகிச்சை தொடங்கியவர்களில் 79 சதவீதம் பேர் 48-வது வாரத்தில் ஸ்டீராய்டும் அறுவை சிகிச்சையும் இல்லாமல் நன்றாக இருந்தார்கள். படிப்படியாக மருந்தைக் கூட்டியவர்களில் 15 சதவீதம்தான். நோய் புதிதாகத் தெரியவந்து, இன்ஃப்ளிக்ஸிமாபும் கிடைக்கும் நிலையில் இருப்பவர், மாற்று வழி எழுதாத நீண்ட பிளாசிபோ ஆய்வில் உட்காரத் தேவையில்லை. இரண்டு பிரிவிலும் மருந்து கொடுக்கும் ஒப்பீட்டு ஆய்வுகள் உண்டு. ரிசான்கிஸுமாப், உஸ்டெகினுமாப் என்ற இரண்டு குரோன் மருந்துகளை நேருக்கு நேர் வைத்த சீக்வென்ஸ் ஆய்வு அப்படிப்பட்டது.

ஸ்டீராய்டை எப்படிக் குறைப்பது என்பதற்கு ஆய்வுத் திட்டத்தில் அட்டவணை இருக்கும், பெரும்பாலும் வாரத்துக்கு 2.5 அல்லது 5 மில்லிகிராம். உடம்பு நன்றாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தினால் தலைசுற்றல், வாந்தி, ரத்த அழுத்த வீழ்ச்சி எல்லாம் வரும். எந்த நேரமும் ஆய்விலிருந்து விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. விலகினாலும் கடைசிப் பரிசோதனைக்குப் போய்விடுங்கள். ஆய்வின் முடிவு வெளியான பிறகு எந்தப் பிரிவில் இருந்தீர்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்த வகை மருந்து உங்களுக்குப் பலிக்கவில்லையா, அல்லது நீங்கள் அதைச் சாப்பிடவே இல்லையா என்பது அடுத்த மருந்தைத் தேர்ந்தெடுக்கும் டாக்டருக்குத் தெரிய வேண்டும்.