மானிட்டர் இருண்டுவிட்டதா? ஸ்குரூடிரைவருக்கு முன் டார்ச்சை எடுங்கள்

கணினியின் விசிறி சுழல்கிறது, திரை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. இப்படி ‘செத்துப்போன’ மானிட்டர்களில் பல உண்மையில் நன்றாகவே இருக்கும். அதனால் மூடியைக் கழற்றும் வேலையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: மின்சாரம் வருகிறதா?

மானிட்டரின் சிறிய விளக்கு எரியவில்லை என்றால் வேறு பிளக் பாயின்ட்டில் செருகிப் பாருங்கள். பிறகு வயரை மாற்றுங்கள். பல மானிட்டர்களுக்குக் கணினிப் பெட்டியின் வயரே பொருந்தும். தனி அடாப்டர் உள்ள வகை என்றால், அதன் முனையில் மல்டிமீட்டரை (மின்னழுத்தம் அளக்கும் கருவி) வைத்து, அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட் வருகிறதா என்று அளக்கலாம். புதிது வாங்கும்போது வோல்ட் அதேதான் இருக்க வேண்டும்; ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. பிளஸ், மைனஸ் குறியையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

படி 2: கேபிளைப் பிடுங்குங்கள்

விளக்கு எரிந்தால், மானிட்டரை இயக்கத்தில் வைத்தபடியே கணினியிலிருந்து வரும் எச்.டி.எம்.ஐ. அல்லது வி.ஜி.ஏ. கேபிளை மட்டும் கழற்றுங்கள். ‘சிக்னல் இல்லை’ என்று திரையில் ஆங்கிலத்தில் வந்தால் மானிட்டருக்கு அநேகமாக நோயில்லை. கேபிளை மாற்றுங்கள், மானிட்டரின் மெனுவில் சரியான இன்புட் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் கணினியை அணைத்து, வயரைக் கழற்றி, உள்ளே இருக்கும் ராமை (நினைவகப் பலகை) எடுத்துப் பொன்னிற முனைகளை ரப்பரால் மெல்லத் தேய்த்துச் செருகுங்கள். நம் ஊர் கடற்காற்றுக்கு இது அடிக்கடி தேவைப்படும் வைத்தியம்.

படி 3: டார்ச் சோதனை

அறையை இருட்டாக்குங்கள். கணினி ஓடும்போது டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்த்துப் பிடியுங்கள். ஐகான்கள் மங்கலாகத் தெரிந்தால் படம் வருகிறது, பின்னொளிதான் போய்விட்டது என்று பொருள். பழைய மானிட்டர்களில் இதற்குப் பல நேரம் உள்ளே மின்சாரம் வழங்கும் பலகையில் இருக்கும் கெப்பாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் சிறு உருளை)தான் காரணம். சூடு பத்து டிகிரி ஏறினால் அதன் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். சென்னையின் மே மாதத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: திறப்பது

இங்கே அவசரம் வேண்டாம். 230 வோல்ட் நேரடியாக உள்ளே போகும் மானிட்டரில், பெரிய கெப்பாசிட்டர் சுமார் 325 வோல்ட்டைத் தேக்கி வைத்திருக்கும். வயரைக் கழற்றிய பிறகும் அடிக்கும். வயரை எடுத்துவிட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். பிறகும் மல்டிமீட்டரால் அளந்து, மின்னழுத்தம் வடிந்துவிட்டதை உறுதிசெய்த பின்பே பலகையைத் தொடுங்கள். அளக்கத் தெரியாதவர்கள் இந்தப் படியைத் தொடவே வேண்டாம்.

ஸ்டாண்டுக்கு அடியிலும் திருகுகள் ஒளிந்திருக்கும். விளிம்பின் கொக்கிகளை விடுவிக்கப் பழைய பிளாஸ்டிக் அட்டை போதும். ஸ்குரூடிரைவரை நுழைத்தால் பேனல் (படம் காட்டும் திரைப் பகுதி) விரிசல் விடும். எதைக் கழற்றும் முன்பும் கைப்பேசியில் படம் எடுங்கள்.

நல்ல கெப்பாசிட்டரின் தலை தட்டையாக இருக்கும். பூரிபோல் உப்பியிருந்தாலோ, பழுப்புப் பிசின் கசிந்திருந்தாலோ மாற்ற வேண்டும். கழற்றியதைக் கையோடு சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவுக்கு எடுத்துச் செல்லுங்கள். அரசினர் தோட்டம் மெட்ரோவிலிருந்து நடக்கும் தூரம்தான். மைக்ரோஃபாரட் (தேக்கும் திறனின் அளவு) அதேதான், வோல்ட் அதே அளவு அல்லது சற்றுக் கூடுதல், 105 டிகிரி சூடு தாங்கும் வகை என்று கேட்டு வாங்குங்கள். உயரத்தையும் பாருங்கள், மூடி மூட வேண்டுமே! உடலில் பட்டைக் கோடு உள்ள கால் மைனஸ். கால்களை இடம் மாற்றிச் சால்டர் செய்தால் வெடிக்கும். மூடியை முழுதாக மாட்டிய பிறகே மின்சாரம் கொடுங்கள்.

திரையில் விரிசலோ, மானிட்டரின் மெனுவைத் திறந்தாலும் அதன் மேல் மறையாத செங்குத்துக் கோடுகளோ இருந்தால் அது பேனல் கோளாறு. புதுப் பேனலின் விலை பெரும்பாலும் புது மானிட்டரை நெருங்கிவிடும் என்பதால், அதற்குச் செலவழிக்கச் சொல்ல மாட்டேன்.