பனிச்சறுக்குக்குக் கிளம்பும் முன்: பனி முன்னறிவிப்பைப் படிப்பது எப்படி?

மதுரைக்காரர்களுக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் பைக் சீட்டில் படிந்திருக்குமே, அந்த ஈரம்தான். ‘தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்’ என்று பழமொழி சொல்வதும் அதைத்தான். பனிச்சறுக்குப் பழகக் காஷ்மீரில் இருக்கும் குல்மார்க்குக்கு நான் கிளம்பியபோது அம்மா மஃப்ளரைக் கையில் திணித்து, “பனியில நிக்காதடா, சளி பிடிச்சுக்கும்” என்றார். அது 2024 ஜனவரி. போய்ப் பார்த்தால் நிற்பதற்கே அங்கே பனி இல்லை, காய்ந்த பழுப்புப் புல்தான். மாதக் கடைசியில்தான் சொல்லிக்கொள்ளும்படி விழுந்தது. அதற்குள் நான் மதுரை வந்து செய்தியில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு நாள் முன்னால் போனில் தெரிந்த பனி ஐகானை நம்பி டிக்கெட் போட்டதன் பலன் அது. நீங்கள் அப்படி மாட்டிக்கொள்ள வேண்டாம்.

1. முதலில் உயரம்

எத்தனை சென்டிமீட்டர் பனி விழும் என்றுதான் எல்லோரும் தேடுகிறோம். எந்த உயரத்தில் விழும் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். குல்மார்க் ஊர் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கேபிள் காரின் முதல் கட்டம் 3,000 மீட்டரைத் தாண்டிக் கோங்டூரியில் முடியும். இரண்டாம் கட்டம் அபர்வத் மலையில் ஏறத்தாழ 3,950 மீட்டர் வரை ஏறும். மூன்று இடத்துக்கும் வானிலை மூன்று விதம்.

கொடைக்கானல் போனவர்களுக்கு இது புதிதல்ல. மே மாதம் மதுரையில் 38 டிகிரியில் பஸ் ஏறி, வத்தலக்குண்டு தாண்டி மலைப்பாதையில் காது அடைத்து, மேலே இறங்கினால் ஸ்வெட்டர் தேடுகிறோம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். இரண்டாயிரம் மீட்டருக்குப் பதின்மூன்று.

அதனால் போனோடு வரும் வானிலை ஆப் போதாது. அது ஊருக்கு ஒரே எண்ணைத்தான் காட்டும். அடிவாரம், நடு, உச்சி என்று பிரித்துக் காட்டும் பனி முன்னறிவிப்புத் தளங்கள் இருக்கின்றன, அவற்றைப் பாருங்கள். முதன்முறை போகிறவர் பழகுவது ஊரை ஒட்டிய கோல்ஃப் மைதானச் சரிவுகளில். உங்களுக்கு வேண்டியது அடிவாரக் கணக்கு. உச்சியின் கணக்கைப் பார்த்து மயங்க வேண்டாம்.

2. ஃப்ரீசிங் லெவல்

இந்த ஒரு வரியைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. காற்றின் வெப்பம் பூஜ்ஜியம் டிகிரியைத் தொடும் உயரம்தான் ஃப்ரீசிங் லெவல், உறைநிலை உயரம். விழும் பனி உடனே கரைந்துவிடாது என்பதால், அந்த உயரத்துக்குக் கீழேயும் 200, 300 மீட்டர் வரை பனியாகவே வந்து சேரும். அதற்கும் கீழே மழை.

உறைநிலை உயரம் 3,200 மீட்டர் என்று போட்டிருந்தால் குல்மார்க் ஊரில் மழை, அபர்வத்தில் பனி. 2,000 என்றால் ஊரிலும் பனிதான். ஏற்கெனவே கிடக்கும் பனி மேல் மழை பெய்து, இரவில் உறைந்தால் மறுநாள் காலை தரை கண்ணாடி மாதிரி இருக்கும். புதிதாகப் பழகுபவருக்கு அதைவிட மோசமான தரை கிடையாது.

3. மில்லிமீட்டரும் சென்டிமீட்டரும்

சில தளங்கள் பனியைத் தண்ணீர்க் கணக்கில், மில்லிமீட்டரில் தரும். 1 மில்லிமீட்டர் தண்ணீர், சுமார் 1 சென்டிமீட்டர் பனி. நல்ல குளிரில் விழும் பொடிப்பனி காற்றை அடக்கிக்கொண்டு அதைவிட உயரமாக நிற்கும். பூஜ்ஜியத்தை ஒட்டி விழும் ஈரப்பனி அமுங்கிப்போகும்.

4. எத்தனை நாளை நம்பலாம்?

வடக்கே குளிர்காலப் பனியைக் கொண்டுவருவது மத்தியதரைக் கடல் பக்கம் கிளம்பி வரும் ‘மேற்கத்திய இடையூறுகள்’ என்ற காற்றழுத்தத் தாழ்வுகள். ஒன்று வருகிறது என்பது ஒரு வாரம் முன்பே தெரியும். எங்கே, எவ்வளவு கொட்டும் என்பது மூன்று நான்கு நாள் முன்புதான் பிடிபடும். பத்து நாளுக்கு அப்பால் காட்டும் சென்டிமீட்டரை நான் இப்போது பார்ப்பதே இல்லை.

வானிலையைக் கணிக்கும் கம்ப்யூட்டர் மாடல்களில் அமெரிக்க மாடல், ஐரோப்பிய மாடல் இரண்டையும் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போய், அடுத்த நாளும் மாறாமல் இருந்தால் நம்பலாம். ஒன்று 40 சென்டிமீட்டர், இன்னொன்று 5 என்றால் யாருக்கும் தெரியவில்லை என்று அர்த்தம்.

மதுரையிலிருந்து போகிறவர் கடைசி நேரத்தில் டிக்கெட் எடுத்தால் விலை கட்டாது, தெரியும். அதனால் காலத்தைப் பார்த்து நாள் குறியுங்கள். டிசம்பர் 21 முதல் 40 நாளைக் காஷ்மீரிகள் ‘சில்லாய் கலான்’ என்கிறார்கள், கடுங்குளிர்க் காலம். என் தேர்வு அதற்குப் பின் வரும் பிப்ரவரி. அதுவும் சத்தியமல்ல: 2025 பிப்ரவரியில் பனி போதாமல் குல்மார்க்கின் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளை மார்ச்சுக்குத் தள்ளிவைத்தார்கள்.

5. கிடக்கும் பனி, விழும் பனி

வைகை அணைச் செய்தியைத் தினமும் படிக்கிறோம்: நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து இத்தனை கன அடி. பனி நிலவரமும் அப்படித்தான். ‘பேஸ் டெப்த்’, அதாவது ஏற்கெனவே கிடக்கும் பனியின் ஆழம், நீர்மட்டம்; ‘24 மணி நேரப் புதுப்பனி’ நீர்வரத்து. 71 அடி அணையில் 30 அடிதான் கிடக்கிறது என்றால் ஒருநாள் வரத்தைப் பார்த்துத் துள்ளமாட்டோம் அல்லவா? அதே மாதிரி, வெறும் புல் மேல் 15 சென்டிமீட்டர் விழுந்தால் கல் தட்டும். ஒரு மீட்டர் பனி மேல் அதே 15 விழுந்தால் கொண்டாட்டம்.

6. காற்று

பழனியில் காற்று பலமாக அடித்தால் ரோப் காரை நிறுத்துகிறார்களே, இங்கேயும் அதே கதை. மைனஸ் 10 டிகிரியில் 30 கிலோமீட்டர் வேகக் காற்று அடித்தால் உடம்புக்கு மைனஸ் 20 போல இருக்கும். அம்மாவின் மஃப்ளர் தாங்காது.

7. பனிச்சரிவு எச்சரிக்கை

இதில் விளையாட்டு வேண்டாம். டி.ஜி.ஆர்.இ. என்ற பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பு மாவட்டவாரியாக எச்சரிக்கை தருகிறது. உலக அளவில் பழகிய ஐந்து நிலைகளில் மூன்றாவதை ‘நடுத்தரம்தானே’ என்று நினைத்துவிடாதீர்கள், அதுவே ஆபத்தானது. பெரும்பனி கொட்டிய அடுத்த ஓரிரு நாள் வெயில் அடிக்கும், படம் எடுக்க அழகாக இருக்கும், சரிவுகள் உடையவும் செய்யும். கயிறு கட்டிய எல்லைக்குள்ளேயே சறுக்குங்கள்.

சரி, ஒரு பயிற்சி. புதன்: உறைநிலை உயரம் 2,900, தண்ணீர் 12 மில்லிமீட்டர், பலத்த காற்று. வியாழன்: 1,800, 15 மில்லிமீட்டர், மிதமான காற்று. வெள்ளி: வெயில், காற்று இல்லை. இதை எப்படிப் படிப்பீர்கள்?

புதன்கிழமை ஊரில் மழையும் பனியும் கலந்த சகதி, கேபிள் கார் ஓடுவதும் சந்தேகம். ஸ்ரீநகரிலேயே தங்கிச் சூடாக ஒரு கஹ்வா, அந்த ஊர் டீ, குடியுங்கள். வியாழன் ஊரிலேயே 15 சென்டிமீட்டருக்கு மேல் சேரும். கீழே இருக்கும் தங்மார்க் ஊரிலிருந்து குல்மார்க்குக்கு மேலே செல்லும் 13 கிலோமீட்டருக்குச் சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டி தேவைப்படும், அதனால் மத்தியானத்துக்குள் ஏறிவிடுங்கள். வெள்ளி காலை கருப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பயிற்சியாளரோடு கோல்ஃப் மைதானச் சரிவில் இறங்குங்கள். அபர்வத் பக்கம் அன்றைக்குப் போக வேண்டாம்.